துணைக்கால்

சென்னை
18-6-1963

மதினி அவர்களுக்கு வீரபாகு வணங்கி எழுதுவது.

நானும் இராமலட்சுமியும் பிள்ளைகளும் சுகம். எனக்கு வயிற்றுவலி மட்டும் வந்து வந்து போகிறது. மோர் சோற்றில் காலத்தை ஓட்டுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாசியில் அண்ணனின் திதிக்கு வந்து திரும்பியதிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. கோபமாகத்தான் இருப்பீர்கள்.

விஷயம் இதுதான். எங்கள் பதிப்பகம் தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. வரும் தை மாதம் வெள்ளி விழா. அதற்கு ஒரு மலர் போடுகிறோம். பதிப்பாசிரியர் நான். முதல் நாளிலிருந்து பத்தொன்பது வருஷம் இங்கே உட்கார்ந்து, வந்த கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் புத்தகமாக்கியவர் அண்ணன். அவரைப் பற்றி ஒரு கட்டுரை இல்லாமல் மலர் எப்படி? முதலாளியிடம் சொன்னேன். "எழுதும். நாலு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்" என்றார்.

இங்கே இருந்த அண்ணனை எனக்குத் தெரியும். ஐம்பத்தேழில் ஊருக்கு வந்த பிறகு இருந்த அண்ணனை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நினைவுக்கு வருவதை எழுதுங்கள். ஒரு போட்டோவும் அனுப்புங்கள். அங்கே சாரல் தொடங்கிவிட்டதா? இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை.

இப்படிக்கு,
வீரபாகு


தென்காசி
29-6-1963

தம்பி வீரபாகுவுக்கு மதினியின் ஆசீர்வாதம்.

நான் இருக்கிறேன். முழங்கால் என்னை விட்டு எங்கே போகப் போகிறது? உன் வயிற்றுக்கு மோர் சோறு மட்டும் போதாது, டாக்டரைப் பார். நான் சொன்னேன் என்று இராமலட்சுமியிடம் சொல். எட்டு வயதில் உன்னை என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாய்.

உன் அண்ணன் ஊருக்கு வந்தால் ஓய்ந்து உட்காருவார் என்று நினைத்தேன். எங்கே உட்கார்ந்தார்? கோயில் நோட்டீஸ், பஸ் ஸ்டாண்டுப் பலகை, கல்யாணப் பத்திரிகை, எதையும் விடவில்லை. அறுபதாம் வருஷம் சீசனில் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். பாதைக்கு அந்தப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற முப்பிடாதியின் பலகை. "எண்ணை தேய்க்கப்படும்" என்று எழுதியிருந்தது. இங்கிருந்தே படித்துவிட்டு, ஈரத்துண்டோடு குறுக்கே போய், "தம்பி, எண்ணை இல்ல, எண்ணெய்" என்று தொடங்கிவிட்டார். அவன் சளைத்தவனா? "எப்படி எழுதுனா என்ன அண்ணாச்சி, வழுக்குதா இல்லியா, அதச் சொல்லுங்க" என்றான். நான் சிரித்த சிரிப்பில் அருவியில் குளித்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கரித்துண்டு வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

நூலகத்திலும் இதே கதை. பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பார். நூலகர் முகம்மது இஸ்மாயில் ஒருநாள், "அண்ணாச்சி, இது சர்க்கார் புஸ்தகம். இப்படிக் கிறுக்காதீய" என்றாராம். "நான் எங்க தம்பி கிறுக்குதேன்? கிறுக்கினதச் சரி பண்ணுதேன்" என்றாராம் இவர். அடுத்த வாரம் இஸ்மாயிலே ஒரு பென்சிலைச் சீவி வைத்திருந்தார்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அவர் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களில் நான் படித்ததெல்லாம் கடைசியில் இருக்கும் பிழைத்திருத்தம் மட்டும்தான். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நாலு வரிசை. "நீங்க எழுதுன புஸ்தகம் எங்க?" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். "இதாண்டி நான் எழுதுனது" என்பார். அத்தனை புத்தகத்தில் ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. ஆகவே இந்த மலரில் முழுப் பெயரையும் போடு. சிவனணைந்தபெருமாள். நீளம் என்று வெட்டிவிடாதே.

வேலையை ஏன் விட்டார் என்று எழுதுவாயானால் எனக்கும் தெரியப்படுத்து. "கண்ணு மங்கிட்டுட்டீ, எழுத்து வேலையே ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப மறக்காதே.

உன் மதினி,
உலகம்மாள்


சென்னை
22-7-1963

மதினி அவர்களுக்கு வீரபாகுவின் வணக்கம்.

இங்கே யாவரும் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதமும் போட்டோவும் கிடைத்தன. முப்பிடாதி கதையை அச்சுக்கோப்பவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணனிடம் வேலை பார்த்த பழைய ஆட்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெயர் முழுதாக வரும், கவலை வேண்டாம். விழாவுக்குத் தலைமை, எங்கள் பதிப்பகத்துக்குப் பண உதவி செய்கிற மில் முதலாளி வீட்டுப் பெரிய பிள்ளை. அதனால் வேலை நெருக்குகிறது. நீங்கள் கேட்ட மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

வீரபாகு


தென்காசி
4-11-1963

தம்பி வீரபாகுவுக்கு ஆசீர்வாதம்.

சுகம் விசாரிக்க வேண்டியது முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

விழாவுக்கு முன்னால் நீ அனுப்பிய மலர் போன வாரம் வந்தது. முப்பத்தெட்டாம் பக்கம் போட்டோ, அதன் கீழே முழுப் பெயர். மூன்று பக்கத்தை அழுதுகொண்டே படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நாற்பத்தொன்றாம் பக்கம், ஒன்பதாம் வரிக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"கண்பார்வை மங்கியதால் அவரால் ஒரு நூலில் பெரும்பிழை நேர்ந்தது, அதற்குப் பொறுப்பேற்று விலகினார்."

என்ன பிழை? எந்த நூல்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத விஷயம் ஊருக்கெல்லாம் அச்சில் போகிறதா? அவர் பெயர் அச்சில் வந்தது வாழ்நாளிலும் சாவிலும் இந்த ஒரு தடவை. அதிலும் பக்கத்திலேயே பிழை என்று போட்டுவிட்டாய். விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடு. எடுக்க முடியாது என்றால் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்.

உலகம்மாள்


சென்னை
28-11-1963

மதினி அவர்களுக்கு வணக்கம்.

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். வயிற்றுவலியில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. பெரியவளுக்குப் பல் விழுந்திருக்கிறது. உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

அந்த வரி முதலாளி சொல்லிச் சேர்த்தது. ஆயிரம் பிரதியும் அச்சாகிவிட்டன, இனி எடுப்பதற்கில்லை. பெரும்பிழை என்று போட்டிருக்கிறதே தவிர, ஓர் எழுத்துதான். பத்திரிகை, புத்தகம் என்றால் நடக்கிறதுதான். படிக்கிறவர்கள் அந்த இடத்தில் நிற்க மாட்டார்கள். நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். குளிர் காலம். வெந்நீரில் குளியுங்கள்.

வீரபாகு


தென்காசி
9-12-1963

தம்பிக்கு,

நான் வெந்நீரில்தான் குளிக்கிறேன்.

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்ததும் நூலகத்துக்குப் போனேன். அங்கே போக எனக்குக் கூச்சம். பெண்பிள்ளைகள் யாரும் அங்கு வருவதில்லை. இஸ்மாயிலிடம் மலரைக் காட்டி, "அந்தப் புஸ்தகம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். உங்கள் மில் முதலாளியின் மணிவிழாப் புத்தகம். "வித்ததெல்லாத்தையும் கம்பெனி திரும்ப வாங்கிட்டு மதினி. நமக்கு முன்னயே வந்துட்டதால இது மட்டும் தப்பிச்சுது. அண்ணாச்சி இத அடிக்கடி எடுத்துப் பாப்பாக. படிக்க மாட்டாக, ஒரே பக்கத்தப் பாத்துட்டு வச்சிருவாக" என்றார்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். "கெடுத்தே பெயர் பெற்ற குடும்பம்" என்றிருந்தது. கொடுத்தே என்று வர வேண்டியது. 'கொ'வுக்கு ஒரு துணைக்கால் இல்லாமல் போனதில் கொடுத்த குடும்பம் கெடுத்த குடும்பமாகிவிட்டது. பென்சிலால் அந்தக் காலைப் போட்டு வைத்திருக்கிறார் உன் அண்ணன். பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, சொல்கிறேன். சிரித்துக்கொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இஸ்மாயில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பாதைக்கு அந்தப் பக்கத்துப் பலகையைப் படிக்கிற கண் எப்படியடா மங்கும்?

வீட்டுக்கு வந்து அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்தேன். சென்னையிலிருந்து வந்த அன்று போட்டுக்கொண்டு வந்தாரே, அது. பத்து நாள் போட்டிருப்பார், பிறகு தொட்டதில்லை. கூலக்கடைத் தெருவில் கண்ணாடிக் கடைக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது வெறும் கண்ணாடில்லா. பவரே இல்ல. இத எதுக்கு மாட்டினாக?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? அழகுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கண்ணாடிக் கூட்டுக்குள் துணிக்கு அடியில் அச்சுக்கு முன் பிழை பார்க்கிற புரூப் தாள் ஒன்று எட்டாக மடித்து இருந்தது. அதை விரித்துப் பார்த்தேன். மடித்துத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

உலகம்மாள்


(தபால் அட்டை)
தென்காசி
30-12-1963

வீரபாகுவுக்கு. மூன்று வாரமாகப் பதில் இல்லை. இராமலட்சுமி சுகமா? உன் வயிறு எப்படி? கண்ணாடிக் கூடு பத்திரமாக இருக்கிறது. உலகம்மாள்.


சென்னை
7-1-1964

மதினி,

வணக்கம் எழுதக் கை கூசுகிறது.

அந்தப் புரூப்பில் அடிக்கப்பட்டிருக்கிற 'வீ' என்னுடையது. நீங்கள் பார்த்த நிமிஷமே கண்டுபிடித்திருப்பீர்கள். சிலேட்டில் எழுதிய நாளிலிருந்து என் 'வீ'க்கு அந்தச் சுழி உண்டு.

ஐம்பத்தேழு, ஒரு சனிக்கிழமை மத்தியானம். கடைசிப் புரூப் வந்தது. அண்ணன் வேறொரு புத்தகத்தில் மூழ்கியிருந்தார். "ஏலே, நீ படிச்சுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிரு" என்றார். முந்தின புரூப்பை அவரே திருத்தியிருந்தார், அதில் எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அச்சில் பூட்டும்போது ஈய எழுத்து ஒன்று கழன்று விழுந்திருக்கிறது. படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நான் படிக்கவில்லை. சினிமாவுக்குப் பகல் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று 'வீ' போட்டுவிட்டு ஓடினேன். அவ்வளவுதான் மதினி. அந்தப் படத்தின் கதைகூட இன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை.

மணிவிழா மேடையில் ஒருவர் அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தார். பந்தலே சிரித்தது. மறுநாள் முதலாளி, "கையெழுத்து யாருடையது?" என்று கேட்டபோது, அண்ணன் என் 'வீ'யை அடித்து, 'சி' என்று எழுதிய தாளைத் தூரத்தில் நின்று காட்டினார். "கண் மங்கிவிட்டது. என் பிழை" என்றார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி அன்று சாயங்காலம் வாங்கியது.

நான் காலைப் பிடித்தேன். "ஏலே, ஒனக்குப் பிள்ள பொறந்து மூணு மாசம். எனக்கு அவ ஒருத்திதான். அவளுக்கு நான் ஊர்ல கெடந்தா சந்தோசந்தான். மதினிட்ட மட்டும் சொல்லிராத. ஒன்னய மன்னிச்சிருவா, என்னய மன்னிக்க மாட்டா" என்றார்.

மலரில் அந்த வரியை முதலாளி சேர்க்கச் சொன்னது உண்மை. அன்று பிழை செய்தவர் இப்போது இங்கே இல்லை என்பது விழாவுக்குத் தலைமை தாங்குகிற மில் வீட்டுக்குத் தெரிய வேண்டுமாம். ஆனால் எழுதியது என் கை. மற்ற நாலு பக்கமும் ஒரே நாளில் வந்தது. அந்த ஒரு வரிக்கு இரண்டு நாள் ஆயிற்று. உண்மையைச் சொன்னால் வேலை போகும். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? ஆறு வருஷமாக இதையே நினைத்து நினைத்து அலுத்துப்போய்விட்டேன் மதினி. என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

வீரபாகு


தென்காசி
11-1-1964

தம்பி வீரபாகுவுக்கு ஆசீர்வாதம். அதை எழுத எனக்குக் கை கூசவில்லை.

உன்னைக் காப்பாற்றினாரே என்று எனக்கு வருத்தம் இல்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நாலு வருஷம் இந்த வீட்டில் என் எதிரிலேயே ஒரு பொய்யோடு உட்கார்ந்திருந்தாரே, அதுதான் ஆறவில்லை. ஊசியைக் கொடுத்தால் "எனக்குக் கண்ணு தெரியலட்டீ" என்பார். பேசிக்கொண்டே இருந்தால் மறந்துபோய் நூலைக் கோத்துக் கொடுத்துவிடுவார். நானும் கவனித்தேன். கேட்டிருக்க வேண்டும். அவர் ஊரில் இருக்கிறாரே, அது போதும் என்று இருந்துவிட்டேன். இந்த லட்சணத்தில் அவர் சொன்னது சரிதான், மன்னிக்க எனக்கு வரவில்லை.

போகட்டும். இதையெல்லாம் எனக்கு எழுதி என்ன ஆகப் போகிறது? நான் ஒருத்தி தெரிந்துகொண்டால் போதுமா? உன் அண்ணன் என்றைக்காவது பிழையைக் கடிதம் போட்டுத் திருத்தியிருக்கிறாரா? புத்தகத்தில் விழுந்ததைப் புத்தகத்திலேயே திருத்த வேண்டும் என்பார். அதற்குத்தானே அந்தக் கடைசிப் பக்கம்.

வேலை போகும் என்கிறாய். போகும். எனக்கும் தெரியும். செய் என்று நான் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லமாட்டேன். எனக்கு வயதாகிவிட்டது, உன்னோடு மல்லுக்கு நிற்கத் தெம்பு இல்லை. பொங்கலுக்குப் பிள்ளைகளுக்குக் கரும்பு வாங்கிக் கொடு.

உலகம்மாள்


சென்னை
21-1-1964

மதினி அவர்களுக்கு வீரபாகு வணங்கி எழுதுவது.

எல்லோரும் சுகம்தான். எனக்கு நாலு நாளாக வயிற்றுவலி இல்லை.

விழா சனிக்கிழமை முடிந்தது. இத்துடன் ஒரு துண்டுத்தாள் வைத்திருக்கிறேன். பழைய அச்சுக்கோப்பவர்தான் கோத்துக் கொடுத்தார். பாதி கோத்ததும் நிறுத்திவிட்டு, "ஐயா, நெசமாவா?" என்று கேட்டார். "கோத்து முடிங்க" என்றேன். ஆயிரம் பிரதியிலும் என் கையாலேயே செருகினேன்.

மேடையில் தலைவர் மலரைப் பிரித்ததும் தாள் மடியில் விழுந்தது. எடுத்துப் படித்தார். பக்கத்தில் இருந்த முதலாளியிடம் நீட்டினார். நான் பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி என்னைத் தேடிய தேடலை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை மேஜையை ஒழித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு சின்ன அச்சகத்தில் புரூப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், பாதிச் சம்பளம். இராமலட்சுமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்றுச் சோறு வைக்கும்போது, "மதினிக்கு எழுதியாச்சா?" என்று கேட்டாள்.

வீரபாகு

*பிழைத்திருத்தம்*
*பக்கம் 41, வரி 9: "கண்பார்வை மங்கியதால் அவரால் ஒரு நூலில் பெரும்பிழை நேர்ந்தது" என்பதை, "இம்மலரின் பதிப்பாசிரியர் வீரபாகு அன்று புரூப்பைப் படிக்காமல் கையெழுத்திட்டதால் ஒரு நூலில் பெரும்பிழை நேர்ந்தது" என்றும், "அதற்குப் பொறுப்பேற்று" என்பதை, "தம்பியின் பிழைக்குத் தாமே பொறுப்பேற்று" என்றும் திருத்தி படிக்கவும்.*


தென்காசி
29-1-1964

தம்பி வீரபாகுவுக்கும் இராமலட்சுமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

துண்டுத்தாள் வந்தது. நாலு தடவை படித்தேன். பிறகு நூலகத்துக்குப் போய் இஸ்மாயிலிடம் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். அங்கே வந்திருக்கிற மலரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாம். அது தொலைந்துவிடாமல் இருக்க நாற்பத்தொன்றாம் பக்கத்திலேயே பசை போட்டு ஒட்டிவிட்டார். மணிவிழாப் புத்தகத்தையும் அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டு எழுதாதே. போகவில்லை. உன்மேலும் இருக்கிறது, அவர்மேலும் இருக்கிறது. அதற்காக நீ வராமல் இருந்துவிடாதே. சம்பளம் பாதி என்றால் பிள்ளைகளைக் கோடை லீவுக்கு இங்கே கொண்டுவந்து விடு. ஆனி வரைக்கும் இருக்கட்டும், சாரல் விழுந்ததும் நானே குற்றாலத்துக்குக் கூட்டிப்போகிறேன். பெரியவளின் பல்லையும் கொண்டுவரச் சொல்.

இன்னொன்று. துண்டுத்தாளில் கடைசியில் "திருத்தி படிக்கவும்" என்று போட்டிருக்கிறாய். நடுவில் ஒரு 'ப்' வர வேண்டாமா? ஆயிரம் பிரதியிலும் இப்படியே போயிருக்கும். அவர் இருந்தால் உன்னை உட்காரவிடமாட்டார். நூலகத்துப் பிரதியில், இஸ்மாயில் அவருக்காகச் சீவி வைத்த பென்சிலை வாங்கி நானே போட்டுவிட்டேன்.

உன் மதினி,
உலகம்மாள்